ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய இன்ஜெக்‌ஷன் கார்: எந்த வழியில் பழுதைத் தேடுவது?

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியைச் சரிசெய்வது சுலபம். பழுது அங்கேயே உட்கார்ந்திருக்கும், மீட்டரோடு போனால் கையில் சிக்கிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு, தனக்குத் தோன்றிய இடத்தில் ஆஃப் ஆகி, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஸ்டார்ட் ஆகிற பழைய இன்ஜெக்‌ஷன் கார்தான், அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்களால் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்தான், ஆளை வாட்டி எடுக்கும். பானட்டைத் திறக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், ஒர்க்‌ஷாப்பில் விட்டால் மூன்று நாள் சமர்த்தாக ஓடும், திரும்பி வரும் வழியில் மறுபடி நிற்கும். ஸ்கேனரைச் செருகிக் கோளாறைப் படிக்கலாம் என்றால் அதற்கும் பெரும்பாலும் வழியில்லை, ஸ்கேனர் எந்த வண்டியோடும் பேச உதவும் பொதுத் தரமான ஓபிடி-2 அமெரிக்காவிலேயே 1996 மாடல் ஆண்டிலிருந்துதான் கட்டாயமானது, 70, 80களின் வண்டிகளில் பலவற்றுக்கு ஸ்கேனரைச் செருகும் வாயே கிடையாது.

இந்த நிலையில் இருப்பவருக்கு முன்னால் சில வழிகள் உண்டு. சந்தேகப்படும் பாகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். பழசாகிப் போன எல்லாவற்றையும் மொத்தமாகப் புதுப்பிக்கலாம். அளவெடுக்கும் கருவிகளை வண்டியிலேயே கட்டிவைத்து, அது நிற்கிற நொடியில் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இந்த அமைப்பை அறிந்த ஆளிடம் ஒப்படைக்கலாம். கடைசியாக, இன்ஜெக்‌ஷனையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு ஏதாவது மாட்டலாம். நான் மூன்றாவது கட்சி. ஆனாலும் மற்ற வழிகளுக்கும் அவற்றுக்கான இடம் இருக்கிறது, எந்த வண்டிக்கு எது என்பதுதான் கேள்வி.

அதற்குள் போவதற்கு முன் ஒன்று. ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனமாகிவிடும், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்குத்தான் உதவும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள், வண்டி உருளும்போது சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பாதீர்கள். பழுது பிடிபடும்வரை வேகச் சாலைக்கு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு கருவியும் தேவையில்லை. வண்டி எப்படிச் சாகிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பியதுபோல வெடுக்கென்று நின்றால் அது பெரும்பாலும் மின்சாரம். திணறி, முக்கி, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகி, பிறகு நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் வரத்து. நிற்கிற நேரத்தில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள், இது பலருக்குத் தெரியாத நல்ல சாட்சி. கியரில் ஓடும்போது எஞ்சின் அணைந்தாலும் கிளட்சை மிதிக்காதவரை சக்கரங்கள் அதைச் சுழற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போது முள் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தால், ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலின் முதன்மைச் சுற்றுக்கு விட்டு விட்டு வரும் துடிப்பு நின்றுவிட்டது என்று பொருள், ஏனென்றால் இந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் முள்ளுக்கு வரும் சிக்னல் காயிலின் எதிர்முனையிலிருந்துதான். முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் இக்னிஷனின் அந்தப் பாதி உயிரோடு இருக்கிறது, பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

கூடவே சூழ்நிலையை எழுதி வையுங்கள். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, மேடு பள்ளமா, திருப்பமா, மழையா, சிக்னலில் நிற்க வரும்போதா, நீண்ட நேரம் வேகமாக ஓட்டிய பிறகா. சிக்னலில் நிற்க வரும்போது மட்டும் ஆஃப் ஆகிற வண்டிக்கு ஐட்லிங் வால்வு, த்ராட்டில் சுவிட்ச், காற்றுக் கசிவு என்று தேடலே வேறு பக்கம் போகும். வேகமாக ஓடிய பிறகு இழுவை குறைந்து நின்று, சும்மா விட்டால் சில நிமிடத்தில் சரியாகிற வண்டியில் டேங்குக்குள் இருக்கும் சல்லடையைத் துரு அடைத்திருக்கலாம். பம்பு உறிஞ்சும்போது குப்பை ஒட்டிக்கொள்கிறது, பம்பு நின்றதும் உதிர்ந்துவிடுகிறது. நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிறதா? அப்படியானால் டேங்கின் காற்றோட்டக் குழாய் அடைத்திருக்கிறது.

சரி, முதல் வழி. சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்ப்பது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள், செய்த திருப்தி உடனே கிடைக்கிறது. இதில் உள்ள கோளாறு பணம் மட்டும் கிடையாது. எப்போதாவது வருகிற பழுதில், ஒரு பாகத்தை மாற்றிய பிறகு வண்டி ஒரு வாரம் ஓடினால் குணமாகிவிட்டதா, பழுது இன்னும் தலைகாட்டவில்லையா என்று சொல்லவே முடியாது. அதைவிட மோசம், பாகத்தை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறீர்கள், அந்த உரசலிலேயே பச்சை பிடித்திருந்த முனை தற்காலிகமாகச் சுத்தமாகி வண்டி சரியாகிவிடும், பெயர் புதிய பாகத்துக்குப் போகும், கொஞ்ச நாளில் பழுது திரும்பி வரும். இப்போது கிடைக்கிற மாற்றுப் பாகங்களில் பல, கழற்றிப் போட்ட ஒரிஜினல் அளவுக்குத் தரமாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டாவது பழுது ஒன்றை நீங்களே உள்ளே கொண்டுவந்துவிடக்கூடும்.

ஆனால் பெயர்போன பலவீனம் உள்ள வண்டி என்றால் கதை வேறு. ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, எடுத்துக்கொள்ளுங்கள். போர்ஷே 944, 911 3.2 கரேரா இரண்டிலும் இருக்கும் டிஎம்இ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ரிலே, 80களின் ஹோண்டா கார்களின் மெயின் ரிலே, பழைய வோல்வோ, மெர்சிடிஸ் வண்டிகளின் பெட்ரோல் பம்பு ரிலே, இவை எல்லாவற்றிலும் ஒரே வியாதி. ரிலேயின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பலகையைத் திருப்பி, பூதக்கண்ணாடியால் தடிமனான பின்களின் அடியைப் பாருங்கள். ஈயப்பற்று ஒரு சின்ன மேடாக இருக்கும், அந்த மேட்டைச் சுற்றி முடி அளவில் கறுப்பாக ஒரு வட்டக் கோடு தெரிந்தால் பற்று விண்டிருக்கிறது. வெயிலில் நின்ற வண்டியின் உள்ளே சூடு ஏறியதும் அந்த விரிசல் விலகும், ஆறியதும் கூடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தால் சரியாகிவிடும். இதைப் பாகத்தைக் குருட்டாம்போக்கில் மாற்றுவதோடு சேர்க்கக் கூடாது, கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே ஒட்டிவைத்த, காயிலுக்குத் துடிப்பு கொடுக்கும் 80களின் ஃபோர்டு டிஎஃப்ஐ இக்னிஷன் மாட்யூலும் அப்படித்தான், சூடேறினால் சாகும் என்று ஊரறிந்த பாகம்.

இரண்டாவது வழி, மொத்தப் புதுப்பிப்பு. பெட்ரோல் ஹோஸ்கள், ஃபில்டர், எர்த் வயர்கள், பேட்டரி முனைகள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், வெற்றிடக் குழாய்கள் என்று வயதாகிற எல்லாவற்றையும் ஒரு சுற்று மாற்றுவது. பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டிக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். அந்த வண்டியில் பழுது ஒன்றாக இருக்காது, நாலு பழுது ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், அப்படியிருக்க எதை அளந்தாலும் குழப்பம்தான். பெட்ரோல் ஹோஸ்களை எப்படியும் மாற்றியாக வேண்டும், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது, இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தில் அது விண்டால் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சும். அங்கே வண்டி நிற்பது பெரிய கவலை இல்லை, தீப்பிடிப்பதுதான்.

ஆனால் ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நிற்க ஆரம்பித்தால் இந்த வழியை முதலில் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் தொட்டபிறகு எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், பழுது மிஞ்சினால் அது எதிலிருந்து கிளம்பியது என்று சொல்லும் தடயமும் அழிந்துவிடும். வயரிங்கில் மட்டும் விதிவிலக்கு. 80களின் வோல்வோ 240, 90களின் ஆரம்பத்து மெர்சிடிஸ் போன்ற சில வண்டிகளின் எஞ்சின் வயரிங்கில் காப்புறை வறண்டு, வளைத்தால் பொலபொலவென்று உதிரும். அப்படிப்பட்ட வயரிங்கில் எதை அளந்தாலும் நம்ப முடியாது, முதலில் அதை மாற்றுங்கள்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். வண்டி நிற்கிற அந்த ஒரு நொடியில் எது முதலில் போனது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதற்கு டாஷ்போர்டில் மூன்று சின்ன விளக்குகளும் ஓர் அழுத்தமானியும் போதும். ஒரு விளக்கு இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்கும் இன்ஜெக்டர்களை இயக்கும் கம்ப்யூட்டருக்கும் போகும் மின்சாரத்தைக் காட்டட்டும். இன்னொன்று பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரில், முடிந்தால் ரிலே பக்கம் எடுக்காமல் பம்பின் முனையிலேயே எடுங்கள், நடுவில் இருக்கும் வயரையும் ப்யூஸையும் சேர்த்துப் பார்த்துவிடும். மூன்றாவது ஓர் எல்இடி, ரெசிஸ்டரோடு ஓர் இன்ஜெக்டருக்கு இணையாக. இன்ஜெக்டர் அணையும்போது எழும் எதிர்மின்னழுத்தம் எல்இடியைக் கொன்றுவிடாமல் இருக்க அந்த எல்இடியின் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு வையுங்கள். ஒவ்வொரு வயரிலும் ஒரு சின்ன ப்யூஸ் இருக்கட்டும். அழுத்தமானியை மட்டும் எக்காரணம் கொண்டும் பெட்ரோல் ஹோஸோடு கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். கண்ணாடிக்கு வெளியே வைப்பர் அடியில் ஒட்டிவைக்கலாம், அதைவிட எஞ்சின் பக்கம் மின்சார சென்சார் ஒன்றை மாட்டி உள்ளே வயரை மட்டும் கொண்டுவருவது நல்லது. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஓட்டிக்கொண்டே விளக்கைப் பார்க்க வேண்டாம். கைபேசியை விளக்குகளையும் ஆர்பிஎம் மீட்டரையும் பார்த்தபடி நிறுத்தி வீடியோ ஓடவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இது ரொம்ப அவசியம், அதில் எஞ்சின் நின்றதும் சுற்றுவதும் பெரும்பாலும் நின்றுவிடும், எல்லா விளக்கும் அடுத்தடுத்து போகும், எது முதலில் என்று ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் படிப்பது எப்படி. மூன்று விளக்கும் ஒரே கணத்தில் போனால் இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே, பேட்டரி முனை, இந்த வட்டத்துக்குள் தேடுங்கள். கனமான சாவிக்கொத்து பல வருடம் தொங்கிய சுவிட்சில் உள்ளே இருக்கும் மின்பகுதி தேய்ந்து, பள்ளத்தில் குலுங்கும்போது தொடர்பு விடும். எப்போதோ யாரோ மாட்டிய அலாரமும் இந்த வட்டத்தில்தான் வரும். எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியில் பம்பு, ஃபில்டர், காயில் எல்லாம் மாறிய பிறகும் நின்றுகொண்டே இருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு சுருளைப் பிரித்தால் உள்ளே அலாரத்தின் ரிலே, இக்னிஷன் வயரை வெட்டி நடுவில் முறுக்கிவிட்ட ஒரு இணைப்பு, அது சூட்டில் பழுப்பாகக் கருகியிருந்தது.

முதல் விளக்கு எரிய, ஆர்பிஎம் முள் விழுந்து, இன்ஜெக்டர் துடிப்பும் நின்று, பம்பும் போனால் எஞ்சின் சுற்றுகிறது என்று சொல்கிற சிக்னலே போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழற்சியை உணரும் பிக்கப், எஞ்சின் தண்டின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார், இக்னிஷன் மாட்யூல் என்று தேடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். விபத்தில் எஞ்சின் நின்றால் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக, இந்த அமைப்புகளில் பலவற்றில் இக்னிஷன் துடிப்பு வராவிட்டால் ரிலே பம்பை நிறுத்திவிடும். ஆக, பம்பு நின்றது என்பது மட்டும் பம்பின் குற்றமாகாது. ரிலேயைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் 30, 87 என்று எண்ணிட்ட முனைகளை ப்யூஸும் சுவிட்சும் வைத்த வயரால் இணைத்துப் பாருங்கள், பம்பு விடாமல் ஓடியும் வண்டி நிற்கிறதென்றால் பம்பு ரிலே நிரபராதி. சோதனைக்கு மட்டும்தான் இது. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு நிரந்தரமாக ஓட்டுவது ஆபத்து.

முள் உயிரோடு இருக்க இன்ஜெக்டர் எல்இடி மட்டும் அணைந்தால் கம்ப்யூட்டர், அதன் மின்சாரம், அதன் எர்த். எர்த்தை ஓம் மீட்டரால் பார்க்காதீர்கள், ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் அது நல்லது என்றே சொல்லும். எஞ்சின் ஓடும்போது கம்ப்யூட்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே மின்னழுத்தம் பாருங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள்.

எல்லா விளக்கும் எரிய, அழுத்தம் மட்டும் இறங்கினால் சந்தேகமே இல்லை, டேங்க் முதல், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வரைக்கும்தான் வேலை. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அமைப்பைப் பொறுத்தது. பாஷ் நிறுவனத்தின் இன்ஜெக்‌ஷன் அமைப்புகளில், 1967இல் வந்த டி-ஜெட்ரானிக் சுமார் 2 பார், 1974இன் எல்-ஜெட்ரானிக் 2.5 அல்லது 3 பார், 1973இன் கே-ஜெட்ரானிக் 5 பாரை ஒட்டி. கே-ஜெட்ரானிக்கில் இன்ஜெக்டர்களே இயந்திர வகை, மின் துடிப்பு கிடையாது, அதனால் எல்இடிக்கு வேலையில்லை, அழுத்தமானிதான் எல்லாம். பம்பு இழுக்கும் கரண்டைக் கிளாம்ப் மீட்டரில் பார்த்துவிட்டால் இன்னும் தெளிவு. பம்பின் முனையில் மின்னழுத்தம் இருக்கிறது, ஆனால் பம்பு கரண்ட் இழுக்கவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அந்தப் பம்பைத் தட்டினால் சில நேரம் உயிர் வரும்.

மின்சாரம், துடிப்பு, அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் நிற்கிறதா? உயர் மின்னழுத்தப் பக்கம் இருக்கும் காயில், ரோட்டரைப் பாருங்கள், அடுத்துக் கலவையைப் பாருங்கள். எல்-ஜெட்ரானிக்கில் உள்ளே வரும் காற்றை ஒரு மடல் அளக்கிறது, அதைத் தாண்டி நுழைகிற காற்றெல்லாம் கணக்கில் வராது, ஆயில் மூடி சரியாக மூடாவிட்டாலே ஐட்லிங் தடுமாறும். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் ஏற்கெனவே எங்கோ பெரிய கசிவு இருக்கிறது. மடலோடு நகரும் தொடுமுனை தேய்க்கிற கார்பன் தடம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தேய்ந்திருந்தால் அதே வேகத்தில் மட்டும் வண்டி திணறும், மடலை விரலால் மெதுவாகத் தள்ளியபடி முள் வைத்த மீட்டரில் பார்த்தால் மீட்டரின் முள் அந்த இடத்தில் துள்ளும். கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரின் கனெக்டரையும் விடாதீர்கள். பாஷ் வகையில் அது 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். தொடர்பு ஒரு கணம் அறுந்தால் கம்ப்யூட்டர் கடுங்குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும், வண்டி கரும்புகை விட்டு நிற்கும்.

வட்டம் சுருங்கிய பிறகு பழுதை வரவழைத்துப் பாருங்கள். ஐட்லிங்கில் விட்டு, சந்தேகப்படும் மாட்யூல் மேல் ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள், நின்றால் குளிர் ஸ்பிரே அடித்து உடனே ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள். வயரிங்கை ஓர் இடத்தில் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே போங்கள். அவசரம் வேண்டாம், நாலு இடத்தை ஒரே நேரத்தில் ஆட்டினால் எது காரணம் என்று தெரியாது.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். பொறுமை வேண்டும், வண்டி எப்போது நிற்கும் என்று காத்திருக்க வேண்டும், அந்த அமைப்பின் வயரிங் படம் கையில் இருக்க வேண்டும். தினமும் வேலைக்குப் போக அதே வண்டியை நம்பியிருப்பவருக்கு இது கஷ்டம். அவர் நான்காவது வழிக்குப் போகட்டும், ஆனால் விடுவதற்கு முன் சில கேள்விகள் கேட்கட்டும். இந்த வண்டியின் அமைப்புக்கு வயரிங் படம் இருக்கிறதா, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை மாட்டி நிற்கும்வரை ஓட்டிப் பார்ப்பீர்களா, பழுது வராவிட்டால் என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்கு, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், அதே முதல் வழிதான், அடுத்தவர் கையால் நடக்கிறது. நல்ல ஆள் கிடைத்தால் ஆஸிலோஸ்கோப்புக்கு ஈடு கிடையாது, கிராங்க் சென்சார் ஓம் மீட்டரில் சரியாகக் காட்டிவிட்டு சூட்டில் அலையை இழப்பதை அதுதான் காட்டும். நீங்கள் எழுதிவைத்த குறிப்பையும் வீடியோவையும் அவர் கையில் கொடுங்கள், பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் போடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இக்னிஷன் சுவிட்சில், எர்த்தில், டேங்கில், மாட்யூலில் இருக்கும் பழுது கார்புரேட்டரோடும் அப்படியே கூட வரும், மேலே புதிதாகப் பம்பு அழுத்தத்தையும் குறைக்க வேண்டும், 3 பாரை கார்புரேட்டர் ஊசி தாங்காது, அதற்கு 0.3 பாரை ஒட்டியே போதும். புதுக் கம்ப்யூட்டர் மாட்டுவது வேறு விஷயம், ஒரிஜினல் பாகம் எங்குமே கிடைக்காத நிலையில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் பழுது எங்கே என்று தெரிந்து, அது திருத்த முடியாத பாகம் என்று உறுதியான பிறகு அந்த முடிவை எடுங்கள்.

பழுது கிடைத்ததாக நினைக்கும்போது விளக்குகளை உடனே கழற்றாதீர்கள். உதாரணமாக ரிலேயை மாற்றியிருந்தால், புதிய ரிலேயோடு வண்டி நன்றாக ஓடுகிறதா, அதே சூடு, அதே தூரம், அதே டேங்க் அளவில் ஓட்டிவிட்டு, பழைய ரிலேயை மறுபடி மாட்டுங்கள். அதே மாதிரி நின்றால் பழைய ரிலே குற்றவாளி. நிற்காவிட்டால் விளக்குகள் அங்கேயே இருக்கட்டும், இன்னும் தேட வேண்டியிருக்கிறது.